துப்பும் உரிமை

டாஸ்மாக் கடை வாசலில் நின்றபடி குடிப்பவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். பேருந்தில் அவர் பக்கத்தில் இடம் இருந்தாலும் உட்காருவதில்லை. அப்படி முகம் திருப்பும் குடும்பம் ஒன்று விடுமுறைக்குத் தென்னாப்பிரிக்கா போகத் திட்டம் போடுகிறது. ஒரு நாள் டேபிள் மலை, ஒரு நாள் பெங்குயின்கள், ஒரு நாள் மண்டேலா சிறையிருந்த ராபன் தீவு. நான்காம் நாள் 'ஒயின் டேஸ்டிங்'. கேப்டவுனிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டரில் ஸ்டெல்லன்போஷ், இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் ஃபிரான்ஷ்ஹூக். ஓக் மர நிழல், வெள்ளையடித்த பழைய டச்சு மாளிகை, பின்னால் மலை. அங்கே குடித்தால் அது குடியில்லையாம், அனுபவமாம்.

எங்கே குடித்தாலும் உள்ளே போவது எத்தனால்தான். கல்லீரல் விலைப்பட்டியல் பார்த்து வேலை செய்வதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-இலேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என அந்த நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னது. "சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது" என்பது 1991-இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஊதிப் பெரிதாக்கிய நம்பிக்கை. குடிக்க ஆசை இருப்பவர் ஆசைக்குக் குடிக்கட்டும், மருந்துக்குக் குடிக்கிறேன் என்று சொல்ல வேண்டாம்.

குடிக்கலாமா கூடாதா என்று பஞ்சாயத்து வைக்க இதை எழுதவில்லை. வயது வந்தவர், தன் காசு, தன் உடம்பு, பிறருக்குத் தொல்லையில்லை என்றால் அது அவர் பாடு. பாவம் புண்ணியம் என்று மிரட்டுவதற்கு நான் பூசாரியும் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. குடியைப் பற்றிய நம் ஒழுக்கக் கணக்கு எப்போதும் கோப்பையையே பார்க்கிறது: என்ன குடிக்கிறார், எங்கே குடிக்கிறார், எப்படிப்பட்ட ஆள். 'வேண்டாம்' என்று சொல்ல அவரால் முடியுமா என்பதை மட்டும் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் அந்த நான்காம் நாள் பயணத் திட்டத்தை வேறு மாதிரி போட்டிருப்போம்.

வாளி

சுவைக்கூடத்தில் நடப்பது இதுதான். மேசையில் வரிசையாக ஐந்தாறு கோப்பைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மிடறுதான் ஊற்றுவார்கள். முதலில் வெள்ளை, அப்புறம் சிவப்பு. சிவப்பில் பினோடாஜ் கட்டாயம் இருக்கும். 1925-இல் ஸ்டெல்லன்போஷ் பேராசிரியர் ஆபிரகாம் பெரோல்ட் இரண்டு பிரெஞ்சுத் திராட்சை வகைகளைக் கலந்து உருவாக்கிய அந்த நாட்டின் சொந்த இனம் அது. ஊற்றுகிறவர் கோப்பையைச் சாய்த்து நிறம் பார்க்கச் சொல்வார். பிறகு சுழற்றச் சொல்வார். சுழற்றினால் மணப்பொருள்கள் ஆவியாகி மேலே வரும். மூக்கைக் கோப்பைக்குள் விட்டு மோந்து பார்க்க வேண்டும். ஒரு மிடறை வாயில் வைத்து, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றையும் உறிஞ்சி, நாக்கின் மேல் உருட்ட வேண்டும்.

அதற்குப் பிறகு அவர் மேசையோரத்தில் இருக்கும் சிறு வாளியைக் காட்டுவார். விழுங்க விருப்பமில்லையென்றால் அதில் துப்பிவிடலாம். கோப்பையில் மீந்ததையும் அதிலேயே கொட்டலாம்.

துப்பினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தொழிலாகச் சுவைப்பவர்கள் எல்லோரும் துப்புகிறவர்களே. துப்பாவிட்டால் பத்துப் பன்னிரண்டு ஒயினுக்குள் நாக்கும் போகும், நிதானமும் போகும். காரை ஓட்டிக்கொண்டு வந்தவருக்கு அது சட்டத் தேவையும்கூட: அந்த நாட்டில் ஓட்டுநரின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராம் ஆல்கஹால் இருந்தால் குற்றம். அதனால்தான் விவரமானவர்கள் கூலிக்கு ஓட்டுநரை அமர்த்திக்கொள்கிறார்கள், அல்லது ஃபிரான்ஷ்ஹூக்கில் பண்ணைக்குப் பண்ணை ஓடும் 'ஒயின் டிராம்' ஏறுகிறார்கள்.

ஆகப் பயணி வாங்கும் சீட்டில் இரண்டு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று ஒயின். மற்றது அதை வேண்டாம் என்று துப்பும் உரிமை. மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு இரண்டாவது பொருள் இலவசமாகக் கிடைப்பதால் அதற்கு ஒரு விலை உண்டு என்பதே உறைப்பதில்லை.

நாக்கும் நம்பிக்கையும்

சுவைக்கூடத்தின் சடங்கைப் பார்த்தால் நம் கோயில்களில் உள்ளங்கையில் வாங்கும் தீர்த்தம்தான் நினைவுக்கு வருகிறது. கொஞ்சமாகத்தான் கொடுப்பார்கள். அதற்கென்று ஒரு மந்திரம் உண்டு. மந்திரம் தெரிந்தவர் அந்தப் பக்கம் நிற்பார், தெரியாதவர் இந்தப் பக்கம் பயபக்தியோடு கை நீட்டுவார், தட்டில் காசு விழும். "கறுப்புச் செர்ரி, சுருட்டுப் பெட்டி, நனைந்த கல்" என்று அவர் ஓத ஓத நமக்கும் சுருட்டுப் பெட்டி மணக்கத் தொடங்கும்.

பிரான்சின் போர்தோவில் ஃபிரடெரிக் ப்ரோஷே என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒயின் தொழில்நுட்பம் படிக்கும் 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார். சிவப்பு ஒயினுக்கென்றே வைத்திருக்கும் சொற்களால் அதை அவர்கள் வர்ணித்தார்கள். அந்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. 2008-இல் வெளிவந்த கலிபோர்னிய ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரே ஒயினை 10 டாலர் என்று ஒரு முறையும் 90 டாலர் என்று ஒரு முறையும் சொல்லிக் கொடுத்து, குடிப்பவரின் மூளையைப் படம் பிடித்தார்கள். விலை கூடியபோது மூளையில் இன்பத்தோடு தொடர்புள்ள பகுதி கூடுதலாக வேலை செய்தது. அவர்கள் நடிக்கவில்லை. விலையும் சேர்ந்துதான் இனித்தது.

இதை வைத்து ஒயின் ரசிகர்களைக் கேலி செய்துவிட்டுப் போகலாம், பலரும் செய்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. நாக்கு தனியாகச் சுவைப்பதில்லை, சொன்ன கதையையும் சேர்த்தே சுவைக்கிறது என்பதுதான் இதில் உள்ள பாடம். அப்படியானால் எந்தக் கதையைச் சொல்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்று கேட்பதும் சுவைப்பவரின் வேலைதான். மண், மலைக்காற்று, பிரெஞ்சு ஓக் பீப்பாய், நிறுவிய குடும்பத்தின் ஏழாவது தலைமுறை எல்லாம் கதையில் வருகின்றன. செயிண்ட் ஹெலினா தீவில் சிறைப்பட்டிருந்த நெப்போலியன் இந்தப் பகுதியின் கான்ஸ்டான்ஷியா ஒயினைத்தான் குடித்தான் என்பதும் தவறாமல் வரும். திராட்சையைப் பறித்தவர் மட்டும் வருவதே இல்லை.

தகரக் குவளை

அவரையும் சேர்த்துக் கதையைச் சொல்லிப் பார்ப்போம்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளாக 1652-இல் கேப் முனையில் இறங்கிய யான் ஃபான் ரீபேக், 1659 பிப்ரவரி 2 அன்று அந்த மண்ணின் திராட்சையிலிருந்து முதன்முதலாக ஒயின் பிழியப்பட்டது என்று நாட்குறிப்பில் எழுதி, கடவுளுக்கு நன்றியும் சொன்னார். அதே ஆண்டில் அங்கே ஒரு போர் மூண்டது. மேய்ச்சல் நிலத்தை இழந்துகொண்டிருந்த கோய்கோய் மக்கள் டச்சுக்காரர்களை எதிர்த்து எழுந்தார்கள். போர் முடிந்ததும் கோய்கோய்களும் அவர்களுடைய மாடுகளும் உள்ளே வராதபடி 1660-இல் காட்டு வாதுமை மரங்களால் வேலி நட்டார்கள். அந்த வேலியின் ஒரு பகுதி கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் பூங்காவில் இன்றும் உயிரோடு நிற்கிறது. நம் பயணிகள் அதன் பக்கத்தில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நன்றி கடவுளுக்குப் போயிற்று, நிலம் கம்பெனிக்குப் போயிற்று.

நிலம் கிடைத்தது, உழைக்க ஆள் வேண்டும். 1658 முதல் அடிமைகள் கப்பலில் வந்து இறங்கினார்கள். 1679-இல் கேப் பகுதியின் கமாண்டர் சைமன் ஃபான் டெர் ஸ்டெல் ஸ்டெல்லன்போஷ் ஊரைத் தன் பெயராலேயே நிறுவினார். கேப்டவுனில் கம்பெனியின் அடிமைகளை அடைத்து வைக்கும் 'ஸ்லேவ் லாட்ஜ்' கட்டடம் எழுந்ததும் அதே 1679-இல்தான். ஒரே ஆண்டில் எழுந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்காமல் ஸ்டெல்லன்போஷின் பழம்பெருமையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வருவது பாதி வரலாறு.

1652-க்கும் 1808-க்கும் இடையில் கேப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் சுமார் 63,000 பேர் என்பது வரலாற்றாய்வாளர் ராபர்ட் ஷெல்லின் மதிப்பீடு. அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து போனவர். கம்பெனியின் சோழமண்டலக் கரை வணிகம் பழவேற்காட்டிலிருந்தும் பிறகு நாகப்பட்டினத்திலிருந்தும் நடந்தது. துணியும் மிளகும் போன வழியிலேயே மனிதர்களும் போனார்கள். சொந்தப் பெயர் பறிபோனவர்களுக்கு 'ஃபான் கோரமண்டல்', 'ஃபான் மலபார்' என்று ஊரே பெயராயிற்று. சிலருக்கு மாதத்தின் பெயரை வைத்தார்கள். 'பெப்ருவாரி', 'செப்டம்பர்' என்ற குடும்பப் பெயர்களோடு அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் "ஐயோ, நம்மாட்கள்!" என்று ஒரு துடிப்பு வரும். அந்தத் துடிப்பையும் சந்தேகிக்க வேண்டும். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் போனவரின் முதுகில் விழுந்த சவுக்கு குறைவாகவா வலித்திருக்கும்? ரத்த உறவு இருந்தால்தான் இரக்கம் வரும் என்பது சாதிக்காரனின் அறம்.

அடிமை முறை 1834 டிசம்பர் 1 அன்று சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்த பிறகும் நான்கு ஆண்டுகள் 'பயிற்சியாளர்' என்ற பெயரில் பழைய எஜமானிடமே வேலை செய்ய வேண்டியிருந்தது. இழப்பீடு கொடுத்தார்கள். அடிமைகளுக்கு அல்ல, 'சொத்தை' இழந்த எஜமானர்களுக்கு. அதற்குப் பிறகு பண்ணைகளில் வேரூன்றி நின்றதுதான் 'டொப்' முறை.

டொப் என்பது கூலியின் ஒரு பகுதியை ஒயினாகக் கொடுப்பது. காலையில் தொடங்கி ஒரு நாளில் பல தவணைகளாகத் தகரக் குவளையில் ஊற்றுவார்கள். சந்தையில் விலைபோகாத மட்ட ரகம்தான் அதற்கு. முதலாளிக்கு இதில் மூன்று ஆதாயங்கள். விற்க முடியாத சரக்கு செலவாகிறது, கையில் கொடுக்க வேண்டிய காசு குறைகிறது. மூன்றாவதுதான் முக்கியம்: பழகிப்போன உடம்பு அடுத்த குவளையை விட்டு வெகுதூரம் போகாது. சங்கிலி போட்டால் சட்டம் கேட்கும், குவளைக்கு யார் கேட்பார்? 1960-களில் சட்டம் டொப் முறையைத் தடை செய்தது. தடைக்குப் பிறகும் பல பண்ணைகளில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. கண்காணிப்பு இறுகியது நிறவெறி ஆட்சி போன 1990-களில்தான்.

அந்தக் குவளைக்குப் பக்கத்தில் துப்புவதற்கு வாளி இல்லை.

யாரைக் குற்றம் சொல்வது?

கர்ப்பிணி குடித்தால் ஆல்கஹால் தொப்புள்கொடி வழியே கருவுக்கும் போகிறது. கருவின் கல்லீரலுக்கு அதைச் சிதைக்கும் வலு இல்லை. பிறக்கும் குழந்தைக்கு மூளை வளர்ச்சி குன்றலாம், முக அமைப்பு மாறலாம், படிப்பும் நிதானமும் வாழ்நாள் முழுக்கச் சிக்கலாகலாம். அமெரிக்க மருத்துவர்கள் 1973-இல் 'கரு ஆல்கஹால் கூட்டறிகுறி' என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். தென்னாப்பிரிக்காவின் திராட்சைக் கன்றுகளில் பெரும்பகுதி வெலிங்டன் என்ற ஊரின் நாற்றங்கால்களில் வளர்கிறது. அந்த ஊர்ப்பகுதியின் முதல் வகுப்புக் குழந்தைகளைச் சோதித்த ஆய்வு 2000-இல் வெளியானது. ஆயிரத்துக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இந்தப் பாதிப்பு இருந்தது. அன்றைக்கு உலகில் பதிவானவற்றிலேயே மிக உயர்ந்த விகிதம் அதுதான்.

இதைக் கேட்டதும் நம் வாயில் என்ன வருகிறது? "வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு குடிக்கிறாளே, தாயா அவள்?" ஒழுக்கம் பேசுகிறவர்களுக்கு எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெண் வேண்டும். அவள் அம்மாவும் பாட்டியும் கூலியாகக் குடியை வாங்கியவர்கள். குடியைத் தவிர வேறு பொழுதுபோக்கு எட்டாத குடியிருப்பு, அரை வயிற்றுச் சோறு, வார இறுதியில் ஒரேயடியாகக் குடிக்கும் பழக்கம் எல்லாம் அந்தத் தலைமுறைகள் விட்டுப்போன சொத்து. டொப் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். வறுமைக்கும் ஊட்டக்குறைவுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஊற்றிய கையை விட்டுவிட்டு, கடைசியாகக் குவளையைப் பிடித்த கையில் விலங்கு மாட்டுவது நியாயமா என்று கேட்கிறேன்.

அரசு என்ன செய்தது என்றும் பாருங்கள். மட்டமான ஒயினை ஐந்து லிட்டர் வெள்ளிக்காகிதப் பையில் அடைத்து விற்பார்கள், 'பாப்சாக்' என்று பெயர். ஏழைகளின் சரக்கு. 2007-இல் அந்தப் பையைத் தடை செய்தார்கள். அதே பண்ணையின் பாட்டிலுக்குத் தடையில்லை, பதக்கம் உண்டு. எத்தனால் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தடைக்கு ஆளானது ஏழை வாங்கும் பாத்திரம்.

இது ஆப்பிரிக்காவில் மட்டும் நடந்ததென்று நினைக்க வேண்டாம். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. தமிழ்த் தொழிலாளி வாங்கிய கூலி அந்த வழியாகவே கரைந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படித்தால் கண் திறக்கும். கூலியை உயர்த்து, வெள்ளைக்கார மேலாளர் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்லாதே, கள்ளுக்கடையை மூடு. ஆட்சி பட்டாளத்தை அனுப்பிச் சுட்டது. கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள் மடாதிபதிகள் இல்லை, அந்தக் கடையில் கூலியைத் தொலைத்த மக்கள்தான். சைக்கிளிலிருந்து இறங்காத சுயமரியாதையும் கள்ளை மறுக்கும் சுயமரியாதையும் ஒரே பட்டியலில் வந்ததில்தான் விஷயம் இருக்கிறது. பாவத்துக்குப் பயந்து அவர்கள் கேட்கவில்லை, 'வேண்டாம்' என்று சொல்லும் இடத்துக்கு வர விரும்பிக் கேட்டார்கள்.

கூலியும் கட்டணமும்

"அதெல்லாம் பழைய கதை, இப்போது எல்லாம் மாறிவிட்டது" என்பார்கள். மாறியிருக்கிறது. எவ்வளவு என்று பார்ப்போம்.

2012 நவம்பரில் ஹெக்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். போராட்டம் மேற்கு கேப் மாகாணத்தின் பல ஊர்களுக்குப் பரவியது, உயிர்களும் போயின. அன்றைக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச நாள்கூலி 69 ராண்ட். அவர்கள் கேட்டது 150. கிடைத்தது 2013 மார்ச் முதல் 105. போராட்டத்துக்கு முந்தைய ஆண்டில்தான் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு அந்த மாகாணத்தின் பழத்தோட்டங்கள், ஒயின் பண்ணைகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. வேலை செய்யுமிடத்தில் கழிப்பறையும் குடிநீரும் இல்லாமை, பாதுகாப்பின்றிப் பூச்சிமருந்துக்கு ஆளாவது, வீட்டைவிட்டு வெளியேற்றப்படுவது என்று அது அடுக்கிக்கொண்டே போனது.

வீட்டு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பண்ணைத் தொழிலாளியின் வீடு பண்ணைக்காரருடையது. வேலை போனால் வீடும் போகும். பல இடங்களில் வீடு கணவனின் வேலையோடு பிணைந்திருப்பதால், அவன் இறந்தாலோ விட்டுப் போனாலோ மனைவியின் தலைக்கு மேல் கூரை ஆட்டம் காணும். நினைத்தவுடன் வெளியேற்றக் கூடாது என்று 1997-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் பிறகு நிரந்தரத் தொழிலாளியைப் பண்ணையில் குடிவைப்பதைவிட, அறுவடைக்கு மட்டும் தரகர் மூலம் ஆள் பிடிப்பது பலருக்குச் சௌகரியமாகப் போயிற்று. அந்த ஆட்கள் ஊருக்கு வெளியே தகரக் கொட்டகைகளில் இருக்கிறார்கள். சுற்றுலாப் பேருந்து அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

2025 மார்ச்சில் அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. சுவைக்கூடத்தில் ஐந்தாறு கோப்பைக்கு நூறு ராண்டுக்கு மேல் வாங்கும் பண்ணைகள் ஏராளம். நூறு ராண்ட் என்றே வைத்துக்கொண்டாலும், பிப்ரவரி வெயிலில் கத்தரிக்கோலோடு கொடிக்குக் கொடி குனிந்து பழம் வெட்டுபவரின் மூன்றரை மணி நேர உழைப்பு அது. நாம் அதைக் கால் மணி நேரத்தில் வாயில் உருட்டி, பாதியை வாளியில் துப்புகிறோம்.

மூன்று சாக்குகள்

முதல் சாக்கு: "விடுமுறைக்குப் போன இடத்தில் இதையெல்லாம் எதற்கு நினைப்பது?" அதே பயணத்தில் ராபன் தீவுக்கும் போகிறீர்களே, அங்கே மட்டும் மண்டேலாவின் அறைக்கு முன்னால் ஏன் கண்கலங்குகிறீர்கள்? சிறை அருங்காட்சியகமாகிவிட்டது, அங்கே கலங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. பண்ணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டிய ஆள் எதிரே நிற்கிறார். முடிந்துபோன அநியாயத்துக்கு அழுவது சுலபம்.

இரண்டாவது: "நான் செலவழிக்கும் காசுதானே அவர்களுக்குக் கூலியாகப் போகிறது?" போகிறது, எவ்வளவு போகிறது என்று கேட்டதுண்டா? டொப் ஊற்றியவரும் சோறு போடுகிறேன் என்றுதான் சொன்னார். காசு போவதை வைத்து நியாயம் பேசினால், எந்தக் காலத்து எந்த முதலாளியையும் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது எதிர்த்திசையிலிருந்து வருகிறது: "அப்படியானால் போகவே வேண்டாம், புறக்கணித்துவிடலாம்." இது கேட்க வீரமாக இருக்கிறது. நாம் போகாமலிருந்தால் முதலில் வேலை போவது மாளிகையில் இருப்பவருக்கு இல்லை, அறுவடைக்கு மட்டும் கூப்பிடப்படும் அந்தப் பெண்ணுக்கு. நம் கை சுத்தமாகிவிடும், அவள் கை வெறுமையாகிவிடும். தன் கை சுத்தத்தை மட்டும் பார்ப்பதைத் தீட்டுப் பார்ப்பது என்று சொல்வார்கள். அந்த நோய் நமக்குப் புதிதில்லை.

போகிறவர்களுக்கு

ஆகவே போங்கள். திட்டத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். காலையில் கேப்டவுனில் ஸ்லேவ் லாட்ஜைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், இப்போது அது அருங்காட்சியகம். அதற்குப் பிறகு ஸ்டெல்லன்போஷ் போய்ச் சேரும்போது வெள்ளையடித்த சுவர்களுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் தெரியும்.

பண்ணைகளைத் தேர்ந்தெடுக்கும்போது நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். என்ட்சிகி பியேலா க்வாசூலு-நட்டால் கிராமத்திலிருந்து உதவித்தொகையில் படிக்க வரும்வரை ஒயினைச் சுவைத்ததே இல்லை. தென்னாப்பிரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் ஒயின் தயாரிப்பாளர் என்று பெயரெடுத்து, பிறகு பாட்டியின் பெயரில் 'ஆஸ்லினா' என்ற சொந்த ஒயினை 2016-இல் கொண்டுவந்தார். வெலிங்டனில் பாஸ்மன் குடும்பப் பண்ணை 2008-இல் தொழிலாளர்களுக்கும் பங்கு கொடுத்தது. எல்லா நல்ல முயற்சியும் வென்றுவிடவில்லை. மூளை ஆய்வாளர் மார்க் சோம்ஸ் ஃபிரான்ஷ்ஹூக் பள்ளத்தாக்கில் தன் பண்ணையின் அடிமை வரலாற்றைத் தோண்டியெடுத்து அருங்காட்சியகம் வைத்தார், தொழிலாளர்களுக்கும் பங்கு கொடுத்துப் பார்த்தார், கடைசியில் பண்ணை கடனில் மூழ்கியது. நியாயமாக நடத்துவது செலவு பிடிக்கும் வேலை. அந்தச் செலவில் ஒரு பங்கை வாங்குகிறவர் ஏற்காவிட்டால் அது நிற்காது. பாட்டிலில் ஃபேர்டிரேடு முத்திரையோ, தொழிலாளர் நலனைத் தணிக்கை செய்யும் வியேட்டா அமைப்பின் முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இருந்தால் எல்லாம் சரியென்று கும்பிட்டுவிடவும் வேண்டாம். முத்திரை விசாரணையின் தொடக்கம்தான்.

சுவைக்கூடத்தில் மூன்று கேள்விகள் போதும். இந்தத் திராட்சையைப் பறித்தவர்கள் நிரந்தரத் தொழிலாளர்களா, தரகர் அனுப்பியவர்களா? அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள்? வேலை செய்ய முடியாத வயதில் அந்த வீடு அவர்களுக்கு உண்டா? மரியாதையாகக் கேளுங்கள், ஊற்றுகிறவரும் கூலிக்காரர்தான், அவரை மடக்குவதில் பெருமையில்லை. அவருக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். எந்தச் சரிவில் எந்த வெயில் விழுகிறது, பீப்பாயில் எத்தனை மாதம் கிடந்தது என்று விரல் நுனியில் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதில்களும் விரல் நுனியில் இருக்க வேண்டும். நல்ல பண்ணைகளில் மலர்ந்த முகத்தோடு பதில் வரும், அதைச் சொல்லிக்கொள்ள அவர்களுக்கே ஆசை. முகம் சுளிக்கும் பண்ணையில் பாட்டில் வாங்காமல் எழுந்து வாருங்கள். ஸ்டெல்லன்போஷில் பண்ணைகளுக்கா பஞ்சம்?

கூட வந்தவர் சலித்துக்கொள்ளக்கூடும். "குடிக்க வந்த இடத்தில் விசாரணைக் கமிஷனா?" என்பார். அவரை வற்புறுத்த வேண்டாம். கேள்வியை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கும் உண்டு. அவர் காரிலேயே உட்கார்ந்திருக்கட்டும். நீங்கள் கேட்டுவிட்டு வாருங்கள்.